குண்டு படாத கப்பல்

என் அண்ணனின் முதலாண்டு நினைவு நாளில் இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்கள், நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். நான் அவருடைய ஒரே தங்கை. கிள்ளானில் தமிழ்ப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். எனக்கு இப்போது எண்பத்தாறு வயது. அண்ணனோடு பிறந்தவர்களில் மிச்சம் இருப்பவள் நான் மட்டும்தான், மொத்தமே நாங்கள் இருவர்தான்.

இந்தக் கட்டுரையை என்னிடம் கேட்டது அண்ணனின் மகன். "அத்தை, நீங்கதான் டீச்சரு. ரெண்டு பக்கம் நல்லதா எழுதிக் கொடுங்க லா. அப்பா எங்க பொறந்தாரு, என்ன வேலை செஞ்சாரு, நல்ல மனுசன். அது போதும்" என்றான். "நல்லதா எழுதணுமா, உள்ளத எழுதணுமா?" என்று கேட்டேன். "ரெண்டும் ஒண்ணுதானே அத்தை" என்று சிரித்தான். அவன் நல்ல பிள்ளை. அப்படித்தான் நினைப்பான்.

அண்ணன் பிறந்தது போர்ட் சுவெட்டன்ஹாமில். இன்று அதை போர்ட் கிள்ளான் என்கிறோம். அப்பா ரயில்வேயில் ஃபயர்மேன், எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடும் வேலை. வெள்ளைக்காரனுக்கும் ஜெர்மன்காரனுக்கும் சண்டை மூண்ட சமயத்தில் துறைமுகத்தில் நின்ற ஒரு சரக்குக் கப்பலில் கரி தள்ள ஆள் போதவில்லை. ரயில்வே ஆட்களைக் கேட்டார்கள். அப்பா போனார். அப்போது அண்ணனுக்கு நாலு வயது, நான் கைக்குழந்தை. ஒரு வருடத்தில் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனாராம். எனக்கு அப்பாவின் முகம் தெரியாது. அவர் குரலும் தெரியாது. என் கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயரை அச்சில் பார்த்ததுதான் எனக்கும் அவருக்கும் இருந்த நேரடி உறவு.

அப்பாவிடமிருந்து நாலைந்து கடிதங்கள் வந்தன. கடைசிக் கடிதத்தை அம்மா எனக்கு எத்தனையோ முறை படித்துக் காட்டியிருக்கிறார். இங்கிலாந்தின் கரையோரமாக நிலக்கரி ஏற்றிக்கொண்டு போகும் ஒரு கப்பலுக்கு அப்பாவை மாற்றியிருந்தார்கள். பத்திருபது கப்பல்கள் வரிசையாகப் போகுமாம், சுற்றிலும் காவல் படகுகள். ஓர் இடத்தில் கடல் குறுகலாகிவிடும். அக்கரையில் எதிரி பெரிய பீரங்கிகளை வைத்துக்கொண்டு காத்திருப்பான். பீரங்கியின் வெளிச்சம் தெரிந்ததும் மேல்தட்டில் இருப்பவர்கள் எண்ணத் தொடங்குவார்களாம். எண்ணி முடிப்பதற்குள் எங்காவது தண்ணீர் பனைமர உயரத்துக்கு எழும்பும். "நான் அடித்தட்டில் கரி தள்ளுகிறவன். எனக்கு வெளிச்சமும் தெரியாது, எண்ணிக்கையும் தெரியாது. சத்தம் மட்டும்தான். நாளைக்கு மறுபடியும் அந்த வழியாகத்தான் போகிறோம்" என்று எழுதியிருந்தார். அதற்குப் பிறகு கடிதம் வரவில்லை.

அதற்குள் ஜப்பான்காரன் இங்கே வந்துவிட்டான். துறைமுகத்தில் குண்டு விழுந்தது. அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்த அப்பாவின் அக்கா வீட்டுக்கு வந்தார். எங்களுக்கு அவர் பெரியத்தை. பெரியத்தையின் கணவரும் ரயில்வேக்காரர். குவாட்டர்ஸ் வீடு, இரண்டே அறை. அங்கே எங்களுக்கு இடம் கொடுத்தார், மரவள்ளிக்கிழங்கு அவித்துப் போட்டார். அதை நான் மறைக்க மாட்டேன். பெரியத்தை இல்லாவிட்டால் அந்தப் பஞ்சத்தில் நாங்கள் பிழைத்திருக்க மாட்டோம். ஆனால் அதற்குப் பிறகு இருபது வருடம் அந்தக் கிழங்கை எங்களுக்கு ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தார். அதையும் மறைக்க மாட்டேன். பெரியத்தையின் பிள்ளைகள் இதைப் படிப்பார்கள். படிக்கட்டும்.

போர் முடிந்து துறைமுகத்துக்குப் போய்ப் பார்த்தபோது நாங்கள் இருந்த வரிசை வீடுகளே அங்கே இல்லை. அப்பா கடிதம் போட்டிருந்தாலும் வந்து சேர இடம் இல்லை. ரயில்வேயில் கேட்டோம். கப்பல் ஏஜெண்டைக் கேட்டோம். யாருக்கும் தெரியவில்லை. ஊர் மட்டும் எல்லாம் தெரிந்ததுபோல் பேசியது. சீமையில் வெள்ளைக்காரி ஒருத்தியோடு குடும்பம் நடத்துகிறார் என்று சிலர் சொன்னார்கள். செத்துப்போனார் என்று சிலர் சொன்னார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அம்மா தினமும் குளித்து, குங்குமம் வைத்து, தாலியில் மஞ்சள் பூசிக்கொண்டு, பக்கத்து வீடுகளுக்கு இட்லி சுட்டுக் கொடுத்து எங்களை வளர்த்தார்.

ஒரு பெண் சுமங்கலியா, கைம்பெண்ணா என்று தெரியாவிட்டால் மற்றவர்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எங்கள் வீட்டில்தான் பார்க்க வேண்டும். ஒரு கல்யாணத்தில் குங்குமச் சிமிழை அம்மாவிடம் நீட்டுவார்கள். அடுத்த கல்யாணத்தில் நீட்ட வந்தவள் பாதியில் கையை இழுத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவளிடம் போவாள். அம்மா இரண்டையும் ஒரே முகத்தோடு ஏற்றுக்கொள்வார். நான்தான் பல்லைக் கடிப்பேன்.

அண்ணன் பிரிக்ஃபீல்ட்ஸில் படித்து முடித்துத் துறைமுகத்திலேயே வேலைக்குச் சேர்ந்தார். டேலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணிக் கோடு போடும் வேலை. ஓய்வு பெறும்வரை அதே துறைமுகம். ஒரு மூட்டையைக்கூடக் கூட்டியும் எழுதியதில்லை, குறைத்தும் எழுதியதில்லை. அந்த நேர்மைக்காக அவரோடு வேலை செய்த மலாய்க்காரர்களும் சீனர்களும் அவரைக் கும்பிடுவார்கள். தோட்டத்து ஜனங்களுக்குக் குடியுரிமை விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெஞ்சாரோம்வரை சைக்கிளில் போவார். காப்பி குடிப்பார், வேறொன்றும் வாங்க மாட்டார். பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்று போன வருடம் அவர் சடலத்துக்குப் பக்கத்தில் நின்று ஐந்து பேர் பேசினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன்.

எனக்கு இருபத்தொரு வயதில் ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை கிள்ளான் பெரியாஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெஸ்ஸர். நல்ல குடும்பம், அவருக்கும் என்னைப் பிடித்திருந்தது. பேச்சு முடியும் சமயத்தில் அவருடைய பெரியப்பா ஒரு கேள்வி கேட்டார்.

"பொண்ணோட தகப்பனாரு இருக்காரா, இல்லையா?"

அவரே தொடர்ந்தார்.

"சண்டையில செத்திருந்தா அது பெருமை. எங்களுக்கு ஒண்ணும் இல்ல. ஓடிப்போன ஆளுன்னா வேற பேச்சு. பத்திரிகையில என்னான்னு போடுவீங்க?"

பிரச்சினை பத்திரிகையில் வந்து நின்றது. பெண்ணின் தகப்பனார் பெயருக்கு முன்னால் 'அமரர்' என்று போட வேண்டுமா, கூடாதா? பிரிக்ஃபீல்ட்ஸில் அச்சகம் வைத்திருந்தவர் வெள்ளிக்கிழமைக்குள் வாசகம் வேண்டும் என்று கேட்டிருந்தார். அன்று பெரியத்தை கூடத்தில் உட்கார்ந்துகொண்டு அம்மாவுக்குக் கேட்கும்படி அண்ணனிடம் பேசியது என் காதில் அப்படியே இருக்கிறது.

"என் தம்பிதான், எனக்கு மட்டும் வலிக்காதா? ஆனா எத்தன வருசம் இப்படியே வச்சிருப்ப? ஒங்கம்மா தாலியோட நின்னா ஓடிப்போனவன் பொண்டாட்டி. தாலி இல்லாம நின்னா போரில செத்தவன் பொண்டாட்டி. ஒந்தங்கச்சி வாழணும்னா எதாவது ஒண்ண முடிவு பண்ணு. வெள்ளிக்கிழம வரைக்கும் டைம் இருக்கு."

வியாழக்கிழமை அண்ணன் வேலை முடிந்து வந்தபோது அவர் சட்டைப் பையில் ஒரு காகிதம் இருந்தது. துறைமுகத்தில் கப்பல்காரர்கள் தங்கும் விடுதியில் ஒரு வாசிப்பறை உண்டு, பழைய ஆங்கிலப் படப் பத்திரிகைகள் கிடக்கும். அதில் ஒன்றிலிருந்து எடுத்த படம். குறுகலான கடல், வரிசையாகக் கப்பல்கள், நடுநடுவே வெள்ளை வெள்ளையாகத் தண்ணீர் எழும்பி நிற்கிறது. ஒரு கப்பலைச் சுற்றி மட்டும் அடர்ந்த கரும்புகை. முக்கால்வாசிக் கப்பல் புகைக்குள் மறைந்திருந்தது.

அண்ணன் அதை அம்மாவின் முன்னால் வைத்தார்.

அம்மா வெகு நேரம் பார்த்தார். பிறகு அந்தப் புகைமேல் விரலை வைத்து, "இதுதான் அவரு கப்பலா?" என்று கேட்டார்.

"ஆமாம்மா."

"நல்லாத் தெரியுமா தம்பி?"

"தெரியும்மா. அந்த வாசிப்பறையில ஒரு பழைய கப்பல்காரரு இருக்காரு. அவரும் சொன்னாரு. பீரங்கி பட்டு எரிஞ்சிருச்சு. யாரும் பொழைக்கல."

அம்மா அழவில்லை. படத்தைத் திருப்பி அண்ணனிடம் கொடுத்துவிட்டு, "சரி. தங்கச்சிக்கு நாளப் பாருங்க" என்றார்.

உடல் இல்லாததால் தர்ப்பையில் உருவம் செய்து கடற்கரையில் எரித்தார்கள். பதினாறாம் நாள் பெரியத்தை வீட்டில் பெண்கள் கூடினார்கள். அம்மாவுக்குத் தலை நிறையப் பூ வைத்து, பெரிய பொட்டு வைத்து, கை நிறைய வளையல் போட்டார்கள். பிறகு எல்லாவற்றையும் எடுத்தார்கள். தாலியை அறுத்துப் பால் கிண்ணத்தில் போட்டார்கள். அந்தக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். அம்மாவுக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை.

என் கல்யாணம் சிறப்பாக நடந்தது. பத்திரிகையில் 'அமரர்' அச்சாகியிருந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா மேடையில் எழுந்து நின்று போரில் உயிர் நீத்த எங்கள் அப்பாவைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினார். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். என் கழுத்தில் தாலி ஏறிய நேரத்தில் அம்மா சமையல்கட்டில் வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தார். மேடைப் பக்கம் வரக்கூடாதே. அதன்பிறகு இருபத்தாறு வருடம் அவர் எந்தக் கல்யாணத்திலும் மேடைப் பக்கம் வரவில்லை. என் பிள்ளைகளின் காதுகுத்துக்குக்கூடப் பின்வாசல் வழியாக வந்து பின்வாசல் வழியாகப் போனார். அப்படியே இறந்தும் போனார்.

அண்ணனின் ஆராய்ச்சியை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு பெற்ற மறுமாதம் தொடங்கியது. அந்தக் குறுகலான கடலின் வரைபடத்தைச் சுவரில் ஒட்டினார். பீரங்கிகள் இருந்த மேடுகளைச் சிவப்பில் குறித்தார். எந்தெந்த வரிசைக் கப்பல்கள் எப்போது அந்த வழியாகப் போயின, எத்தனை குண்டுகள் விழுந்தன, எங்கே விழுந்தன என்று இங்கிலாந்தில் இருந்த ஆவணக் காப்பகங்களுக்கும் கப்பல்காரர்கள் சங்கங்களுக்கும் எழுதிக்கொண்டே இருந்தார். பதில் வர மாதக்கணக்காகும். மகன் தெலுக் பங்லிமா காராங்கில் தொழிற்சாலை வேலைக்குப் போய் அங்கேயே வீடு வாங்கியபோது அண்ணனும் அண்ணியும் அவனோடு போனார்கள். பின்னறை முழுக்கக் கோப்புகள். பிள்ளைகள் அவரைக் கப்பல் தாத்தா என்று கூப்பிட்டன. பெரியவர்கள் நீங்கள் முதுகுக்குப் பின்னால் கிறுக்கு என்றீர்கள். எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

நான் வியாழக்கிழமைதோறும் அவரைப் பார்க்கப் போவேன். ஒரு காப்பி, இரண்டு பிஸ்கட், பீரங்கிக் கதை. பீரங்கி வெடித்த வெளிச்சத்துக்கும் குண்டு வந்து விழுவதற்கும் நடுவில் ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகும் என்பார். கையைத் தூக்கிக் காட்டி, அந்த ஒரு நிமிடத்தையும் வாய்விட்டு எண்ணுவார். முன்னே பின்னே பார்க்காமல் எங்கேயோ சுடும் அந்தப் பீரங்கிக்காரர்கள்மேல் அவருக்கு ஒரு கோபம் உண்டு.

"இவ்ளோ குண்டு போட்டிருக்கான், ஒண்ணுகூட ஒழுங்கா படலயே தங்கச்சி. வரிசை வரிசையா போயிருக்கு. எல்லாம் தண்ணியில விழுந்திருக்கு."

"படலன்னா நல்லதுதானே அண்ணே" என்பேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கோப்பின் பக்கத்தைத் திருப்புவார். அப்பாமேல் இருக்கும் பாசத்தில் மனிதர் இப்படி அலைகிறார் என்று நினைத்துக்கொண்டேன். முப்பத்து நான்கு வருடம் பிள்ளைகளின் பொய்யைக் கண்ணைப் பார்த்தே கண்டுபிடித்த ஆசிரியை நான். சொந்த அண்ணன் விஷயத்தில் ஒன்றும் தெரியவில்லை.

ஆறு வருடத்துக்கு முன் அண்ணன் அப்பாவின் திதி நாளை மாற்றினார். ஐப்பசியில் கொடுத்துவந்ததை மாசிக்கு மாற்றினார். கேட்டதற்கு, "ஐயரு சொன்னாரு, பழைய கணக்கு தப்பாம்" என்றார். சரி என்று நாமும் மாசியில் போய் வடை பாயசம் சாப்பிட்டுவிட்டு வந்தோம். ஒருவருக்கும் எதுவும் தோன்றவில்லை.

போன வருடம், அவர் படுக்கையில் விழுவதற்குச் சில நாள் முன்பு, ஒரு வியாழக்கிழமை மத்தியானம் என்னைப் பின்னறைக்குக் கூப்பிட்டார். அண்ணி முன்கூடத்தில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் கதவைச் சாத்திவிட்டு ஒரு மெல்லிய கோப்பினை என்னிடம் நீட்டினார். ஆவணக் காப்பகத்துப் பெண் ஒருவர் அனுப்பிய நகல்கள். ஆறு வருடத்துக்கு முன் வந்தவை. நமக்கெல்லாம் அப்போது, "ஒண்ணும் கிடைக்கல" என்று சொல்லியிருந்தார்.

"படி தங்கச்சி."

"கண்ணாடி இல்லண்ணே. நீங்களே சொல்லுங்க."

"அப்பா சாகல."

"எப்போ சாகல?"

"அம்மாவுக்கு நாம செஞ்சோமே, அப்போ."

நான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். அவர் ஒவ்வொரு தாளாக எடுத்துச் சொன்னார். மூட்டை எண்ணுவதுபோல நிதானமாகச் சொன்னார். கடைசிக் கடிதத்துக்கு மறுநாள் அப்பாவின் கப்பல் போன வரிசையைப் பீரங்கியால் சுட்டது உண்மை. ஒரு குண்டும் எந்தக் கப்பலிலும் படவில்லை. கப்பல் பத்திரமாகத் துறைமுகம் சேர்ந்தது. அப்பா இறங்கிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்தக் கப்பலின் ஆள் பட்டியலில் நெருங்கிய உறவு என்ற இடத்தில் அம்மாவின் பெயர், போர்ட் சுவெட்டன்ஹாம். பிறகு இன்னொரு கப்பல், இன்னொரு கப்பல். போர் முடிந்த பிறகும் சில வருடம். கடைசித் தாள் மரணப் பதிவு. வட இங்கிலாந்தில் ஒரு துறைமுக ஊரின் ஆஸ்பத்திரி, நெஞ்சில் சளி. என் கல்யாணம் நடந்து மூன்றாவது வருடம், மாசி மாதம். நெருங்கிய உறவு என்ற இடத்தில் ஒன்றும் இல்லை.

ஏன் திரும்பி வரவில்லை, ஏன் ஒரு வரி எழுதவில்லை, அல்லது எழுதி அது வந்து சேரவில்லையா என்பதற்கு அந்தத் தாள்களில் பதில் இல்லை. இனிமேல் கிடைக்கவும் கிடைக்காது.

"உங்களுக்கு அப்போ தெரியாதில்ல, அண்ணே. படத்தப் பாத்து ஏமாந்துட்டீங்க" என்றேன். ஆறுதல் சொல்லத்தான் சொன்னேன்.

அண்ணன் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அந்தப் படத்துக்குக் கீழ நாலு வரி இருந்துச்சு. நான் வெட்டிட்டேன்."

"என்ன இருந்துச்சு?"

"அது தீப்பிடிச்ச புகை இல்ல. கப்பல மறைக்கிறதுக்காக நேவி படகுங்க போட்ட புகை. எல்லாக் கப்பலும் பத்திரமா போய்ச் சேந்துச்சுன்னு போட்டிருந்தான். அந்த நாலு வரிய மட்டும் கத்தரிக்கோலால வெட்டிட்டேன்."

"வாசிப்பறையில இருந்த கப்பல்காரரு?"

"அப்படி யாரும் இல்ல."

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. அம்மா உயிரோடு இருந்தவரை அண்ணன் ஏன் அந்தப் பக்கமே போகவில்லை, அதன் பிறகு ஏன் வெறிபிடித்ததுபோல் தேடினார் என்று. அப்பாவைக் கண்டுபிடிக்க அவர் தேடவில்லை. தான் சொன்ன பொய் உண்மையாகிவிடாதா என்று தேடியிருக்கிறார். எங்கேயாவது ஒரு குண்டு, ஒரே ஒரு குண்டு, சரியாகப் பட்டிருக்காதா என்று கால் நூற்றாண்டுக்கு மேல் காகிதம் புரட்டியிருக்கிறார். ஒரு மகன், தன் தகப்பன் நெருப்பில் வெந்து செத்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு தபால்காரனை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்திருக்கிறான். ஆனால் டேலி கிளார்க் அல்லவா, வந்த பதிலை மாற்றி எழுத அவரால் முடியவில்லை. வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் கணக்கை மாற்றினார். அதுவும் எனக்காக.

"நான் செஞ்சது தப்பா தங்கச்சி?" என்று கேட்டார்.

பால் கிண்ணம் கண்முன்னால் வந்தது. "அம்மாவக் கேளுங்க. இன்னும் கொஞ்ச நாள்ல பாக்கத்தானே போறீங்க" என்றேன்.

சாகப்போகிற அண்ணனிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். கோப்பினை வாங்கி அலமாரியில் வைத்தார். நான் காப்பி குடிக்காமல் கிளம்பிவிட்டேன். அடுத்த வியாழக்கிழமை எனக்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். காய்ச்சல் எதுவும் இல்லை. அதற்கு அடுத்த வியாழக்கிழமை அவரை ஆஸ்பத்திரியில் பார்த்தபோது அவருக்கு நினைவு இல்லை. இரண்டு நாளில் போய்விட்டார்.

இதை என் மகளிடம் சொன்னபோது, "பாட்டிக்கு அப்பவே தெரிஞ்சிருக்கும்மா. உங்களுக்காகத் தெரியாத மாதிரி இருந்திருப்பாங்க" என்றாள். நீங்களும் அப்படித்தான் சொல்வீர்கள். தயவுசெய்து சொல்லாதீர்கள். அம்மாவுக்குத் தெரிந்திருந்தால் அது இன்னும் கொடுமை. தெரியாமல் இருந்திருந்தால் அது வேறு கொடுமை. அவர் தியாகம் செய்தார் என்று சொல்லி நாம் நிம்மதியாகத் தூங்குவதற்கு அவர் இருபத்தாறு வருடம் பின்வாசலில் நிற்கவில்லை.

பெரியத்தையை மட்டும் குறை சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் என்னால் முடியவில்லை. அவர் கேட்டது ஊர் கேட்ட கேள்வி. மாப்பிள்ளை வீட்டார் கேட்டது அவர்கள் பரம்பரையாகக் கேட்கும் கேள்வி. அண்ணன் கத்தரிக்கோலை எடுத்தார். நான் கிண்ணத்தைப் பிடித்தேன். அந்தக் கல்யாணத்தில் எனக்குக் கிடைத்த மனிதர் தங்கமானவர். நாற்பத்தொன்பது வருடம் ஒரு கடுஞ்சொல் இல்லாமல் என்னோடு வாழ்ந்தார். வேண்டாம் என்று சொல்ல மனம் வராத வாழ்க்கை அது. அதை எனக்கு வாங்கிக் கொடுத்தது அண்ணனின் பொய். என் கணவர் இறந்தபோது என்னையும் உட்கார வைத்துப் பூ வைத்து எடுத்தார்கள். எழுபது வயதில் நான் வாயைத் திறக்காமல் கழுத்தை நீட்டினேன். அம்மாவுக்கு நடந்ததே நடக்கட்டும் என்று ஒரு பிடிவாதம்.

போன வருடம் அண்ணியின் முறை. பதினாறாம் நாள் நான் எழுந்து தடுக்கப் போனேன். அண்ணி என் கையைப் பிடித்து, "விடும்மா. பேத்தி கல்யாணம் வருது. அப்புறம் நம்மால ஒரு கொறன்னு வரக்கூடாது" என்றார். நான் விட்டுவிட்டேன். அதே காரணம், அதே குடும்பம், அறுபத்தைந்து வருடம் கழித்து.

இந்த மலரின் வழக்கப்படி இனி நன்றி சொல்ல வேண்டும். அண்ணனைக் கடைசி நாட்களில் கைக்குழந்தையைப்போல் பார்த்துக்கொண்ட மருமகளுக்கு நன்றி. ஆஸ்பத்திரியில் இரவு பகலாக நின்ற மகனுக்கும், செலாயாங்கிலிருந்து லோரி ஓட்டிக்கொண்டு வந்து இறுதிச் சடங்குக்குக் காய்கறி முழுவதையும் இறக்கிப் போட்ட அண்ணனின் பழைய துறைமுக நண்பரின் மகனுக்கும் நன்றி. கடல் கடந்து முகம் தெரியாத ஒரு கிழவருக்காகப் பழைய பதிவேடுகளைப் புரட்டி, உள்ளதை உள்ளபடி அனுப்பிய அந்த ஆவணக் காப்பகத்துப் பெண்ணுக்கு நன்றி. அவருக்குத் தமிழ் தெரியாது, இதைப் படிக்க மாட்டார். அண்ணன் அவருக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதி, அனுப்பாமல் வைத்திருந்தார். போன மாதம் நான் அனுப்பிவிட்டேன்.

இந்தக் கட்டுரையை அண்ணன் மகனிடம் கொடுத்தபோது நின்றபடியே படித்தான். பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை படித்தான். "இத போடணுமா அத்தை?" என்றான். "போடலன்னா என் பேரையும் எடுத்துடு" என்றேன். அவன் மகள், அதாவது வரும் தை மாதம் கல்யாணம் ஆகப்போகிற பெண், அவன் கையிலிருந்து தாளை வாங்கிப் படித்தாள். "அப்பா, போடுங்க" என்று மட்டும் சொன்னாள். அவளுக்கும் நன்றி.

அவள் கல்யாணத்தைப் பற்றி எனக்கு ஏற்கெனவே மூன்று பேர் போன் செய்துவிட்டார்கள். அண்ணியை முன்வரிசையில் உட்கார வைக்க வேண்டாம், பின்னால் ஒரு நாற்காலி போட்டால் போதும் என்று அக்கறையோடு சொன்னார்கள். மூவருக்கும் பதில் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அண்ணி முன்வரிசையில் உட்காரப்போவதில்லை. மேடையில் நிற்பார். தாலித் தட்டை முதலில் அவர்தான் தொட்டு ஆசீர்வதிப்பார், இரண்டாவதாக நான். இது பேத்தி கேட்டது, அண்ணியும் ஒரு வாரம் அழுதுவிட்டுச் சரி என்றிருக்கிறார். முகூர்த்தம் பிரிக்ஃபீல்ட்ஸ் கோயில் மண்டபத்தில் காலை ஒன்பது மணிக்கு. அதைப் பார்க்கச் சங்கடப்படுகிறவர்கள் அவசரப்பட வேண்டாம். பந்தி பதினொரு மணிக்குத்தான்.